இணைய இணைப்புநிலை கண்டறிதலின் வரலாறு

ஒரு கணினி இணையத்துடன் இணைந்துள்ளதா, உள்ளகப் பிணையத்துடன் மட்டும் இணைந்துள்ளதா என்பதை மென்பொருள் அறியும் முறை இணைப்புநிலை கண்டறிதல் எனப்படுகிறது. கம்பி செருகப்பட்டிருப்பதையும் வைஃபை கிடைப்பதையும் கணினி தானே உணரும். திசைவிக்கு அப்பால் வழி திறந்துள்ளதா என்பதை, அப்பாலுள்ள மற்றொரு கணினியைக் கேட்டுத்தான் அறிய முடியும். யாரைக் கேட்பது, எந்த விடையை நம்புவது என்ற கேள்விகளுக்குக் காலந்தோறும் வெவ்வேறு தீர்வுகள் காணப்பட்டன.

தொடக்கம்

1981ல் வரையறுக்கப்பட்ட இணையக் கட்டுப்பாட்டுச் செய்தி நெறிமுறையில் எதிரொலிச் செய்தி இடம்பெற்றது. அமெரிக்கத் தரைப்படையின் எறியியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மைக் மியூஸ், அதைக் கொண்டு 1983 டிசம்பரில் 'பிங்' நிரலை எழுதினார். சோனார் கருவி எழுப்பும் ஒலியிலிருந்து இப்பெயர் வந்தது. எதிரொலி திரும்பினால் தொலைவிலுள்ள கணினி எட்டும் நிலையில் உள்ளது என்று பொருள். ஆனால் பல தீயரண்கள் இச்செய்தியைத் தடுப்பதால், எதிரொலி வராததைக் கொண்டு இணைப்பு இல்லை என முடிவு செய்ய இயலாது.

தெரிந்த விடை

விடுதிகளிலும் விமான நிலையங்களிலும் பொது வைஃபை பரவியபோது புதிய சிக்கல் தோன்றியது. பயனர் எந்தத் தளத்தைக் கேட்டாலும், அப்பிணையம் தன் புகுபதிகைப் பக்கத்தையே அனுப்பியது. எனவே விடை வந்தால் மட்டும் போதாது, அது எதிர்பார்த்த விடையாகவும் இருக்க வேண்டியிருந்தது.

2007ல் பொதுமக்களுக்கு வெளியான விண்டோசு விஸ்டா இதற்கு இரு சோதனைகளைச் செய்தது. 'மைக்ரோசாப்ட் என்சிஎஸ்ஐ' என்ற சொற்கள் மட்டுமே கொண்ட உரைக்கோப்பை மைக்ரோசாப்ட் வழங்கியிலிருந்து கேட்டது. மேலும், குறிப்பிட்ட ஆள்களப் பெயருக்கு 131.107.255.255 என்ற முகவரி கிடைக்கிறதா எனப் பார்த்தது. ஆப்பிள் கருவிகள் 'சக்சஸ்' என்ற சொல்லுள்ள பக்கத்தையும், ஆண்ட்ராய்டு கருவிகள் உள்ளடக்கம் இல்லை எனப் பொருள்படும் 204 என்ற நிலைக்குறியையும் எதிர்பார்க்கின்றன. மறையாக்கம் செய்த விடையைப் புகுபதிகைப் பக்கத்தால் மாற்ற இயலாது. ஆகவே அப்பக்கத்தைக் கண்டறிய மறையாக்கம் இல்லாத கோரிக்கையே பயன்படுகிறது.

விளைவுகள்

சோதனை வழங்கி செயலிழந்தாலோ தீயரணால் தடுக்கப்பட்டாலோ, பிற தளங்கள் இயங்கும்போதும் 'இணையம் இல்லை' என்ற அறிவிப்பு தோன்றலாம். அதை நம்பும் செயலிகளும் இயங்க மறுக்கலாம். தவிர, ஒவ்வொரு சோதனையின்போதும் பயனரின் ஐபி முகவரி அந்நிறுவனத்தின் வழங்கிக்குத் தெரிகிறது. லினக்சின் நெட்வொர்க்மேனேஜர் மென்பொருளில், கேட்கப்படும் முகவரியைப் பயனரே மாற்றலாம். சோதனையை நிறுத்தவும் செய்யலாம்.

2020ல் வெளியான ஆர்எப்சி 8908, 8910 ஆகியவை, புகுபதிகை தேவையா என்பதைப் பிணையமே கருவிக்குத் தெரிவிக்கும் வழியை வரையறுத்தன. ஆயினும் அப்பிணையத்திற்கு அப்பாலும் வழி திறந்துள்ளதா என்பதை அறிய, வெளியிலுள்ள ஒரு வழங்கியைக் கேட்க வேண்டிய நிலை தொடர்கிறது.