தானே ஒலிக்கும் கருவி

இசை என்றதும் தோற்கருவியும் துளைக்கருவியும் நரம்புக்கருவியுமே நம் நினைவுக்கு வரும். மின்னணுக் கருவி வழியே பிறக்கும் இசையை, ‘பொறியின் ஓசை, மனிதனின் கலையன்று’ என்று ஒதுக்குவோர் உளர். வரலாற்றை நோக்குங்கால் இக்கூற்று நிலைபெறாது. இசைக்கருவிகள் குறித்து மார்க்க அறிஞரிடையே நிலவும் கருத்து வேறுபாட்டை ஆராய்வது ஈண்டு நம் நோக்கமன்று. பொறிக்கும் மனிதனுக்குமுள்ள உறவையே நாம் காண விழைகிறோம்.

கி.பி. 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர் மூவர், தானே ஊதும் கருவியைப் பற்றி அரபியில் எழுதி வைத்தனர். நீர்விசையால் ஓர் உருளை சுழலும். அதில் பதித்த முளைகள் குழலின் துளைகளைத் திறந்து மூடும். முளைகளின் இடம் மாறினால் மெட்டும் மாறும். சுரங்களை முன்கூட்டியே கணிப்பொறியில் அடுக்கி ஒலிக்கச் செய்யும் இன்றைய முறைக்கு இதனை முன்னோடி எனல் மிகையாகாது. குழல் தானே ஊதியது. முளைகளைப் பதித்தது மனித அறிவன்றோ!

அவ்வறிவு நம் தமிழகத்தில் மலர்ந்ததற்கு ஏ. ஆர். ரஹ்மானே சான்று. 1967இல் சென்னையில் திலீப்குமாராகப் பிறந்த அவர், ஒன்பதாம் வயதில், 1976இல், இசையமைப்பாளரான தந்தை ஆர். கே. சேகரை இழந்தார். தந்தை விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டுக் குடும்பம் வாழ்ந்தது. இளையராஜா முதலியோரின் குழுக்களில் கீபோர்டு வாசித்தும், விளம்பரங்களுக்கு இசையமைத்தும் அவர் உயர்ந்தார். 1980களின் இறுதியில் குடும்பத்துடன் இஸ்லாத்தைத் தழுவினார். ‘தீன் இசை மாலை’ எனும் இஸ்லாமியப் பாடல் தொகுப்புக்கு அவர் இசையமைத்தது, 1992இல் ‘ரோஜா’ வெளிவரும் முன்னரே.

அவருடைய முறை யாது? முன்னர், பாடகரும் வாத்தியக் குழுவினரும் ஒருங்கே கூடி ஒரே மூச்சில் பதிவு செய்வர். ரஹ்மானோ, வீட்டருகே அமைத்த ‘பஞ்சதன்’ ஒலிப்பதிவுக் கூடத்தில், ஒவ்வொரு குரலையும் கருவியையும் தனித்தனியே, பெரும்பாலும் இரவில், பதிவு செய்து பின்னர் அடுக்கினார். நெமிலியிலிருந்து இதனை எழுதும் நமக்கு ஆம்பூர்த் தோல்தொழில் நினைவுக்கு வருகிறது. ஊறல், சுண்ணாம்பு, பதன், சாயம் எனப் பல கைகளைக் கடந்தே தோல் மெருகு பெறும். எதனை எவ்வளவு நேரம் என அறிந்த ஒரு கண் வேண்டும். அவருக்கு அக்கண் செவியில் இருந்தது.

எனினும் ஒன்றை மறைத்தலாகாது. மின்னணுக் கருவிகள் பரவியபோது, கோடம்பாக்கத்தில் வயலினும் தபேலாவும் வாசித்துப் பிழைத்தோர் பலர் வேலை இழந்தனர். பொறி எவர் கையிலிருந்து எதனைப் பறிக்கிறது என்ற வினா இன்றும் உயிரோடுள்ளது. 2008இல் ரஹ்மான் சென்னையில் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரி, கையால் வாசிக்கும் பயிற்சிக்கும் இடமளித்தமை இவ்விடத்துக் கருதத்தக்கது.

2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகள் பெற்ற மேடையில், ‘எல்லாப் புகழும் இறைவனுக்கே’ எனத் தமிழில் மொழிந்தார். ‘அல்ஹம்து லில்லாஹ்’ என்பதன் தமிழாக்கமே அது. கருவியையும் தம்மையும் புகழாது, அறிவைத் தந்தவனைப் புகழ்ந்த அச்சொல், கருவிகள் பெருகிய இக்காலத்தில் நம் பிள்ளைகள் நெஞ்சில் நிறுத்தத்தக்கது.