சத்திரமும் கட்டுச்சோறும்

ஜாவா மொழியில் நிறுவனச் செயலிகளை எழுதுவதற்காக 1999 டிசம்பரில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் வெளியிட்ட ஜே2இஇ விதிமுறை, நிரலை எப்படி எழுதுவது என்பதோடு யார் எந்த வேலையைப் பார்ப்பது என்பதையும் வகுத்தது. செயலியின் உறுப்புகளை எழுதுபவர் ஒருவர், அவற்றைக் கோப்பவர் வேறொருவர், சர்வரில் நிறுவுபவர் மற்றொருவர், சர்வரைப் பராமரிப்பவர் இன்னொருவர். ஜாவா இணையச் செயலிகளுக்கான அதே ஆண்டின் சர்வ்லெட் 2.2 விதிமுறை அறிமுகப்படுத்திய 'வார்' கோப்பு, இவர்களிடையே கைமாறுவதற்கான பொட்டலம். அதில் பக்கங்களும் நிரலும் நூலகங்களும் இருக்கும், சர்வர் இருக்காது. டாம்கேட் போன்ற சர்வர் என்பது நிர்வாகி நடத்தும் சத்திரம். செயலிகள் அங்கே வந்து தங்கும் வழிப்போக்கர்கள். இன்றோ பல செயலிகள் சர்வரையே கட்டுச்சோறாக மடியில் கட்டிக்கொண்டு, ஒற்றைக் கோப்பாகப் புறப்படுகின்றன. இதைப் புதிய தொழில்நுட்பத்தின் விளைவு என்பார்கள். தொழில்நுட்பம் பழையது, மாறியது வேலைப்பிரிவினை என்பதே என் வாதம்.

சான்றுகள் அப்படித்தான் பேசுகின்றன. பில் காட்ஸ் 1989-ல் வெளியிட்ட ஜிப் வடிவத்தில் கோப்புகளின் அட்டவணை கடைசியில் இருக்கும். ஆகவே அதன் தலையில் ஓர் இயங்கும் நிரலை ஒட்டினாலும் ஜிப் கெடாது. ஜாவாவின் 'ஜார்', 'வார்' இரண்டுமே ஜிப்தான். கிரெக் வில்கின்ஸ் 1995-ல் தொடங்கிய ஜெட்டி சர்வரை வேறொரு நிரலுக்குள் வைத்து இயக்கலாம். ஜார் கோப்பை ஒரே கட்டளையில் ஓட்டும் வசதி 1998-ல் ஜாவா 1.2-உடன் வந்தது. அதாவது, ஜே2இஇ வேலைகளைப் பிரித்துவைத்தபோதே பொருட்கள் எல்லாம் கையில் இருந்தன. 2005-ல் கோசுகே கவாகுச்சி வெளியிட்ட ஹட்சன் என்ற கட்டுமானக் கருவி (இன்றைய ஜென்கின்ஸின் முன்னோடி) சர்வரையும் சேர்த்து ஒரே கோப்பாக அனுப்பலாம் என்பதைச் செய்தும் காட்டியது. அதன் வார் கோப்பை டாம்கேட்டிலும் போடலாம். உள்ளே இருந்த வின்ஸ்டோன் என்ற சிறு சர்வரைக் கொண்டு தனியாகவும் ஓட்டலாம். ஆனாலும் அது பொதுவழக்கமாக மேலும் சில ஆண்டுகள் ஆயின. இடையில் வந்தது மேகக் கணினி. இயந்திரங்கள் நிமிடங்களில் தோன்றி மறையும் இடத்தில் சத்திரம் நடத்த ஆள் ஏது? செயலியே போர்ட்டைத் திறந்து காத்திருக்க வேண்டும் என்று மேகச் சேவை தரும் ஹெரோகு நிறுவனத்தார் 2011-ல் செயலிகளுக்கான பன்னிரு நெறிகளில் ஒன்றாக எழுதிவைத்தனர். டாம்கேட்டை உள்ளடக்கிய ஜாவா கட்டமைப்பான ஸ்பிரிங் பூட் 1.0 வந்தது 2014 ஏப்ரலில். அதைக் கொண்டு கட்டிய ஜார் ஓட ஜாவா வேண்டும். கோ மொழிக்கு அதுவும் வேண்டாம். அதன் நிலையான நூலகத்திலேயே இணைய சர்வர் உண்டு. 2021-ல் வந்த 1.16 பதிப்போடு பக்கங்களையும் படங்களையும் அதே கோப்பில் புதைக்க மொழியே வழிசெய்தது.

எதிர்வாதம் வலுவானது. சத்திரத்தில் ஓர் அடுப்பைச் சரிசெய்தால் எல்லோருக்கும் நல்ல சோறு. கட்டுச்சோற்றில் ஒவ்வொரு மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற ஜாவா நூலகத்தில் பாதுகாப்பு ஓட்டை வெளிப்பட்டபோது, ஜாருக்குள் ஜாராக ஒளிந்திருந்த அந்த நூலகத்தைத் தேடுவது பெரும்பாடானது. ஆனால் பழைய வார் கோப்புகளும் தத்தம் நூலகங்களைத் தாங்களே சுமந்தவைதான். சர்வரை மட்டும் புதுப்பித்திருந்தால் அவற்றுக்குள் இருந்த லாக்4ஜே மாறியிருக்காது. பொது சர்வரை உயர்த்தினால் ஏதாவதொரு செயலி உடையுமோ என்ற அச்சமும் அங்கே உண்டு. டாக்கர் வந்தபின் ஒற்றைக் கோப்பு எதற்கு என்பது இன்னொரு கேள்வி. 2013-ல் வெளிவந்த டாக்கர் இயங்குதளத்தின் கோப்புகளையும் சேர்த்து மூட்டை கட்டுகிறது. அது இதே வழக்கத்தின் அடுத்த படி, மறுப்பு ஆகாது.

ஆக, ஒற்றைக் கோப்பு வேலையைக் குறைக்கவில்லை. நான்கு பேர் தலையிலிருந்த பொறுப்பை ஒருவர் தலைக்கு மாற்றியது. சர்வரில் ஓட்டை விழுந்தால் திருத்த வேண்டியவர் இனி நிர்வாகி அல்லர், கோப்பைக் கட்டி அனுப்பியவர்.