குளிர்சாதனப் பழுதுபார்ப்புத் தொழில்: அனுபவத்தோடு சான்றிதழும் தேவை

ஒரு காலத்தில் ஏர்கோன் என்பது வங்கியிலும் அலுவலகத்திலும் மட்டுமே இருந்தது. இன்று தாமான் வீடுகளிலும் ஒட்டுக்கடைகளிலும் கோயில் மண்டபங்களிலும் அது ஓடுகிறது. இதனால் எஸ்பிஎம் முடித்த நம் இளைஞர்கள் பலர், தெரிந்த அண்ணன் ஒருவரிடம் உதவியாளராகச் சேர்ந்து இத்தொழிலுக்குள் நுழைகிறார்கள்.

குளிர்சாதனம் குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே விடுகிறது. கம்ப்ரசர் வாயுவை அழுத்திச் சூடாக்கும். வெளிப்பெட்டியின் காயில் அந்த வெப்பம் வெளியேறி, வாயு திரவமாகும். பின்னர் அழுத்தம் குறைந்து, உள்பெட்டியின் காயில் அது மீண்டும் வாயுவாக மாறும்போது அறையின் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். ஒரு குதிரைத்திறன் ஏர்கோனின் குளிரூட்டும் திறன் மணிக்குச் சுமார் 9,000 பிடியு.

இந்த வாயு ஒரே மூடிய வட்டத்துக்குள் சுற்றி வருவதால் பெட்ரோல்போல் தீர்ந்துபோகாது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவை அடைக்காமல் ஆண்டுதோறும் கேஸ் ஏற்றுவது வாடிக்கையாளருக்கு வீண் செலவு. உள்பெட்டியில் தண்ணீர் சொட்டினால், பெரும்பாலும் வடிகுழாய் அடைத்திருக்கும். காயில் ஐஸ் பிடித்தால், முதலில் ஃபில்டரின் அழுக்கைப் பார்க்க வேண்டும். அதன் பிறகே கேஸ் அளவைச் சோதிக்க வேண்டும்.

வாயுக்களும் மாறிவிட்டன. பழைய ஆர்22 ஓசோன் படலத்தைக் கெடுப்பதால், 1987ஆம் ஆண்டின் மொன்ட்ரியல் உடன்படிக்கையின்கீழ் படிப்படியாகக் கைவிடப்படுகிறது. புதிய ஏர்கோன்களில் பரவலாக இருக்கும் ஆர்32 ஓசோனைக் கெடுக்காது. ஆனால், அது எளிதாக இல்லாவிட்டாலும் தீப்பிடிக்கக்கூடியது. அதன் அழுத்தமும் ஆர்22-ஐவிட அதிகம். பழைய கேஜையும் ஹோஸையும் அதற்குப் பயன்படுத்தக்கூடாது. குழாயில் கசிவு சோதிக்க நைட்ரஜன் மட்டுமே ஏற்ற வேண்டும். ஆக்சிஜனை ஏற்றினால் கம்ப்ரசர் எண்ணெயோடு கலந்து வெடிக்கும்.

இத்தொழிலில் உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் இரண்டு: உயரமும் மின்சாரமும். அடுக்குமாடியின் வெளிச்சுவரில் ஏறும்போது பாதுகாப்புப் பட்டை கட்டாயம். சுவிட்சை அடைத்த பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும். அதை வெளியேற்றிய பிறகே தொட வேண்டும். வீட்டுக்குப் புதிய வயரிங் போடும் வேலையை, தீபகற்ப மலேசியாவில் எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று பெற்றவரிடம் விட வேண்டும்.

பத்து ஆண்டு வேலை தெரிந்தும் கையில் தாள் இல்லாததால் உதவியாளர் சம்பளத்திலேயே நிற்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் வழி இருக்கிறது. திறன் மேம்பாட்டுத் துறை (ஜேபிகே) வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் மூன்று நிலைகள் கொண்டது. நான்காம் நிலை டிப்ளோமா, ஐந்தாம் நிலை உயர் டிப்ளோமா. ஐஎல்பி போன்ற அரசுப் பயிற்சிக் கழகங்களில் குளிர்சாதனப் பாடம் உள்ளது. அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகத்தின் (பிடிபிகே) கடனுக்கு விண்ணப்பிக்கலாம். வகுப்புக்குப் போக முடியாத அனுபவசாலிகள், வேலைச் சான்றுகளைக் கோப்பாகத் தொகுத்து மதிப்பீட்டுக்கு உட்படும் பிபிடி முறையில் எஸ்கேஎம் பெறலாம். ஆகவே, செய்த வேலைகளின் படங்களையும் ரசீதுகளையும் இன்றிலிருந்தே சேர்த்து வைப்பது நல்லது.

முதலாளியிடம் வேலை செய்பவர், தம் பெயரில் சொக்சோ சந்தா கட்டப்படுகிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். சொந்தமாக வேன் வைத்து ஓடுபவர், 2017ஆம் ஆண்டின் சுயதொழில் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் தாமே பதிந்துகொள்ளலாம். ஏணியிலிருந்து விழுந்து மாதக்கணக்கில் படுத்துவிட்டால், குடும்பத்துக்கு அரிசி வாங்க உதவுவது அந்தச் சந்தாதான்.