மண்ணும் நெருப்பும்

விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையின் வழியே செல்லும்போதெல்லாம் நம் மனத்தில் ஓர் எண்ணம் எழுவதுண்டு. மண்ணைப் பாண்டமாக்குவது நெருப்பே. ஊர்க் குயவரின் சூளைக்கு வைக்கோலும் வறட்டியும் விறகும் போதும். பீங்கானுக்கோ ஏறத்தாழ 1,200 பாகை வெப்பம் வேண்டும். ஆகவே மண்ணின் வரலாற்றைச் சொல்லப் புகுவோர் எரிபொருளின் வரலாற்றையும் சொல்லியே ஆகவேண்டும்.

நம் மாநிலத்தில் பைக்காரா 1932-இலும், மேட்டூர் 1937-இலும் நீரிலிருந்து மின்சாரம் தந்தன. ஆனால் மழை பொய்த்தால் மின்சாரமும் பொய்த்தது. நிலக்கரியோ வடநாட்டிலிருந்து வரவேண்டியிருந்தது. இந்நிலையில்தான் 1930-களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருளொன்று வெளிப்பட்டது. அதுவே பழுப்பு நிலக்கரி.

1956-இல் நிறுவனம் அமைந்தது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரி கண்ணுக்குப் புலப்பட்டது. 1962-இல் சோவியத் நாட்டின் உதவியுடன் மின் உற்பத்தி தொடங்கியது. பணி எளிதாயிருக்கவில்லை. நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை இரவும் பகலும் இறைத்தால்தான் சுரங்கத்தின் தளம் நிலைக்கும். இக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரமே. தொலைவுக்குக் கொண்டுசெல்வது கட்டாது. எனவேதான் சுரங்கத்தின் அருகிலேயே மின்நிலையம் எழுந்தது.

கரியின் மேலே படிந்திருப்பது வெண்களிமண்! மண்ணை நெருப்பு பீங்கானாக்குகிறது. அந்தப் பீங்கானே மின்கம்பத்தில் அமர்ந்து மின்சாரத்தைக் கசியாது காக்கிறது. படைப்பின் இவ்வொழுங்கை வியவாதிருக்க இயலுமோ?

எனினும் இவ்வொளிக்கு விலை கொடுத்தவர் உண்டு. சுரங்கத்திற்காகப் பல சிற்றூர்கள் தம் வீட்டையும் வயலையும் இழந்தன. 2023 ஜூலையில் வளையமாதேவியில், நெற்பயிர் நின்ற நிலத்தில் கால்வாய் வெட்ட இயந்திரங்கள் இறங்கியபோது உழவர் அழுததை நாடே கண்டது. 600 மெகாவாட் திறன் கொண்ட முதல் மின்நிலையம் 2020-இல் ஓய்வு பெற்றுவிட்டது. இழந்தவர்களின் ஏக்கம் ஓய்வு பெறவில்லை.

இன்று காற்றையும் கதிரவனையும் நாடுகிறோம், நன்றே. எனினும் அவற்றுக்கும் நிலம் வேண்டும். 2015-இல் வெளிவந்த திருத்தந்தை பிரான்சிஸின் சுற்றுமடல், பூமியின் குரலையும் ஏழையின் குரலையும் சேர்த்தே கேட்கப் பணிக்கிறது. எனவே விளக்கேற்றும் ஒவ்வொரு மாலையும் நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம்: இவ்வொளிக்காக யாருடைய வீடு இருண்டது?