உப்பளத்தின் இன்னொரு விளைச்சல்

பதுளையில் உப்பு விளைவதில்லை. கண்டி மன்னர் காலத்தில் ஊவாவுக்கான உப்பு அம்பாந்தோட்டைக் கரையிலிருந்து பொதிமாடுகளின் முதுகில் மலையேறி வந்தது. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் ஒல்லாந்தர் கரையோரத்தைத் தம்வசமாக்கிய போது, மலைநாட்டாரின் உப்பும் அவர்களது கைக்குள் போயிற்று.

அதே உப்பளம் மலைநாட்டுக்கு இன்னொன்றையும் தரக்கூடும். மண்ணில் மக்கிப்போகும் பிளாஸ்டிக்தான் அது.

பல ஆண்டுகளுக்கு முன்னர் செய்தி சேகரிப்பதற்காகப் பசறைப் பக்கத் தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தேன். நாற்றுத் தவறணையில் தேயிலைக் கன்றுகள் பொலித்தீன் பைகளில் வரிசையாக நின்றன. நடும்போது கிழித்தெறிந்த பைகள் கான்களில் கிடந்தன. “எங்க பேரப்புள்ளைங்க காலத்துலயும் இது இப்படியேதான் கெடக்கும் ஐயா” என்றார் ஒரு தொழிலாளி அம்மா. அந்த வார்த்தை இன்றும் என் மனத்தை விட்டகலவில்லை.

பக்டீரியா தன் உடலுக்குள் பிளாஸ்டிக் போன்றதொரு பொருளைச் சேமிப்பதை, 1926இலேயே பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் மொரிஸ் லெமுவான் இனங்கண்டார். உணவு மிகுந்து நைதரசன் குறையும் வேளையில், நாம் கொழுப்பைச் சேர்ப்பது போல அது இதைச் சேர்க்கிறது. 1990இல் ஜேர்மனியில் இப்பொருளாலான ஷாம்பு போத்தல்கள் விற்பனைக்கு வந்தன. ஆயினும் பெற்றோலியப் பிளாஸ்டிக்கின் மலிவுக்கு முன்னால் அவை நிலைக்கவில்லை.

இங்குதான் உப்பு துணைக்கு வருகிறது. கடும் உவர்நீரில் வேற்றுக் கிருமிகள் வளர்வது அரிது. எனவே கலன்களைக் கொதிக்கவைத்துத் தூய்மைப்படுத்தும் செலவு குறைகிறது. உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் பல, நன்னீரில் இட்டதும் வெடித்துத் தம் சேமிப்பை வெளிவிடுகின்றன. பிட்ஸ் பிலானியின் கோவா வளாக ஆய்வாளர்கள், கோவா, தமிழ்நாட்டு உப்பளங்களிலிருந்து இத்தகைய ஏழு நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்ததை 2013இல் வெளியிட்டனர். ஆனையிறவையும் புத்தளத்தையும் அறிந்த நமக்கு இது அந்நியச் செய்தியன்று.

குறைகளும் உள. உவர்நீர் இரும்பை அரிக்கும். கழிவு உப்புநீரைக் கண்ட இடத்தில் விடவும் இயலாது. விலையும் இன்னும் அதிகமே.

எனினும் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். சோற்றுப் பொதி சுற்றும் பொலித்தீன் தாளுக்கு 2017இல் இலங்கையில் தடை வந்தது, மாற்றுப்பொருள் மலிந்ததால் அன்று, சட்டத்தால். தவறணைப் பைக்கும் விலை குறையட்டும் எனக் காத்திருந்தால், அந்த அம்மா சொன்னதே நடக்கும்.