வெற்றுப் பனுவலில் வடிவம்: ரன்ஆஃப் முதல் மார்க்டவுன் வரை செய்யுளடி பெற்ற இடம்

ஆய்வுச் சுருக்கம்

வடிவமைப்புடைய பனுவலை வெற்றுப் பனுவல் திருத்தியில் எழுதித் திருத்தும் முறை 1964 முதல் இன்றுவரை தொடர்ந்து வருகிறது. இம்முறையின் வளர்ச்சியை ரன்ஆஃப், டிராஃப், டெக், ஆர்.டி.எஃப்., என்ரிச்டு, மார்க்டவுன் ஆகியவற்றின் வழி இக்கட்டுரை காண்கிறது. செய்யுளின் அடிப்பிரிப்பை அவை எவ்வாறு கையாண்டன என்பது ஒப்பீட்டு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. வெற்றுப் பனுவல் என்னும் கருத்து தமிழுக்கு எப்போது பொருளுடையதாயிற்று என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: வெற்றுப் பனுவல், குறியிடல், செய்யுளடி, எழுத்துருக் குறியாக்கம், ஒருங்குறி, மார்க்டவுன்

1. முன்னுரை

கணினியில் பனுவலைச் சேமிக்க இரு வழிகள் உள்ளன. எழுத்துகளையும் இடைவெளிகளையும் வரிமுறிவுகளையும் மட்டும் சேமிப்பது வெற்றுப் பனுவல். தடித்த எழுத்து, சாய்வெழுத்து, தலைப்பு, எழுத்துரு, பத்தி அமைப்பு முதலியவற்றையும் உடன்சேர்த்துச் சேமிப்பது வடிவமைத்த பனுவல். இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாம் வழி ஒன்றும் உண்டு. வடிவமைப்பையே எழுத்துகளாக எழுதி, வெற்றுப் பனுவலுக்குள் வைப்பது அது. இவ்வாறு அமைந்த கோப்பை எந்தப் பனுவல் திருத்தியிலும் திறக்கலாம், திருத்தலாம், ஒரு பதிப்பை மற்றொன்றோடு வரிவரியாக ஒப்பிடலாம்.

எனினும், எது வடிவம், எது பொருள் என்னும் வரையறை இம்மூன்றாம் வழியில் ஒவ்வொரு முறையும் புதிதாகச் செய்யப்பட வேண்டியதாகிறது. இவ்வரையறை எங்கே இடறுகிறது என்பதைக் காண்பதற்குச் செய்யுள் தக்க சான்றாகும். உரைநடையில் வரி எங்கே முறிகிறது என்பது தாளின் அகலத்தைப் பொறுத்தது. செய்யுளிலோ அடி ஓர் உறுப்பு. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் அடியும் ஒன்று. ஆகவே, செய்யுளின் அடிமுறிவை வெறும் தோற்றமாகக் கொள்ளும் கருவி, பனுவலின் ஒரு பகுதியையே இழக்கிறது.

2. புள்ளியில் தொடங்கும் வரி

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெரோம் சால்ட்சர் 1964ஆம் ஆண்டு இரு நிரல்களை உருவாக்கினார். சி.டி.எஸ்.எஸ். எனப்பட்ட காலப்பகிர்வு அமைப்பில் அவை இயங்கின. டைப்செட் என்பது பனுவலைத் தட்டச்சிட்டுத் திருத்துவதற்கு உரியது. ரன்ஆஃப் என்பது அதனை வடிவமைத்து அச்சிடுவதற்கு உரியது. திருத்துதலும் வடிவமைத்தலும் இரு வேறு பணிகளாகப் பிரிக்கப்பட்டமை இங்குக் குறிப்பிடத்தக்கது. அக்காலத் தட்டச்சு முனையத்தில் தடித்த எழுத்தைக் காட்ட வழியில்லை. எனவே வடிவமைப்புக் கட்டளையையும் எழுத்தாகவே தட்டச்சிட வேண்டியிருந்தது. சால்ட்சர் கண்ட தீர்வு எளியது. புள்ளியில் தொடங்கும் வரி கட்டளை. ஏனைய வரிகள் பனுவல். ஆங்கில உரைநடையில் எந்த வரியும் புள்ளியில் தொடங்குவது அரிது என்பதால் இம்மரபு நிலைத்தது.

ரன்ஆஃப் தன் இயல்பான நிலையில் உள்ளீட்டின் வரிமுறிவுகளைப் பொருட்படுத்துவதில்லை. சொற்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, வெளியீட்டு வரியின் அகலத்துக்கு ஏற்ப நிரப்பும். இந்நிரப்பலை நிறுத்துவதற்குத் தனிக் கட்டளை ஒன்றும் அதில் இருந்தது. அட்டவணை, கணினி நிரல், செய்யுள் ஆகியவற்றுக்கு அக்கட்டளையே வழி. உரைநடை பொதுநிலை, செய்யுள் விதிவிலக்கு என்னும் பாகுபாடு இவ்வாறு தொடக்கத்திலேயே அமைந்துவிட்டது.

பெல் ஆய்வுக்கூடத்தில் யுனிக்ஸ் வளர்ந்ததற்கும் இத்தகைய பனுவல் பணி ஒரு காரணமாயிற்று. அந்நிறுவனத்தின் காப்புரிமைப் பிரிவுக்கு ஆவணங்களைத் தயாரித்தளிக்கும் நோக்கத்தைக் காட்டியே அங்குள்ள ஆய்வாளர்கள் பி.டி.பி.-11 கணினியைப் பெற்றனர். ரன்ஆஃபின் வழிவந்த ரோஃப் அதில் இயங்கியது. பின்னர் ஜோசப் ஓசன்னா என்ராஃப் நிரலையும், ஒளியச்சுக்கோப்புப் பொறிக்கென டிராஃப் நிரலையும் எழுதினார். எட் எனப்பட்ட வரித்திருத்தியில் எழுதிய கோப்பு, அச்சுநூலுக்கு ஒப்பான பக்கமாக வெளிவந்தது. புள்ளியில் தொடங்கும் கட்டளை மரபு இவற்றிலும் தொடர்ந்தது.

3. தோற்றமும் பங்கும்

புள்ளிக் கட்டளைகள் பெரும்பாலும் தோற்றத்தையே கூறின. இத்தனை இடம் உள்ளே தள்ளு, நடுவில் வை, புதுப்பக்கம் தொடங்கு என்பன போன்றவை அவை. ஒரு வரி நடுவில் அமைவது அது தலைப்பு என்பதாலா, செய்யுள் என்பதாலா என்பதைக் கோப்பு கூறவில்லை. 1967இல் வில்லியம் டனிக்ளிஃப் ஆவணத்தின் உள்ளடக்கத்தை அதன் தோற்றத்திலிருந்து பிரிக்க வேண்டும் என எடுத்துரைத்தார். 1969இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் சார்லஸ் கோல்ட்ஃபார்ப், எட்வர்ட் மோஷர், ரேமண்ட் லோரி ஆகிய மூவரும் உருவாக்கிய ஜி.எம்.எல். இக்கருத்தைச் செயற்படுத்தியது. மூவர் பெயர்களின் முதலெழுத்துகளும் அப்பெயரில் அடங்கியுள்ளன. இதிலிருந்து வளர்ந்த எஸ்.ஜி.எம்.எல். 1986இல் பன்னாட்டுத் தரமாயிற்று. இம்மரபில் ஆவணத்தின் உறுப்புகள் அவற்றின் பங்கால் குறிக்கப்படுகின்றன: தலைப்பு, பத்தி, மேற்கோள். எவ்வாறு தோன்ற வேண்டும் என்பது வேறிடத்தில் வரையறுக்கப்படும்.

டொனால்ட் கனூத் தம் நூலின் இரண்டாம் தொகுதி மறுபதிப்புக்கு வந்த அச்சுப்படிகளின் தரத்தில் நிறைவுறாமல், 1977இல் டெக் என்னும் அச்சுக்கோப்பு மொழியை வகுக்கத் தொடங்கினார். பின்னர் லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் லாடெக்கை அமைத்தார். டெக்கிலும் ஒற்றை வரிமுறிவு இடைவெளியாகவே கொள்ளப்படும். வெற்று வரி ஒன்று வந்தால்தான் பத்தி முடியும். ஆயினும் லாடெக்கில் செய்யுளுக்கெனத் தனிச்சூழல் உண்டு. அடி முடியும் இடத்தில் இரு பின்சாய்கோடுகள் இடப்படும். இங்குச் செய்யுள், நிரப்பல் நிறுத்தப்பட்ட பகுதியாக அன்றிச் செய்யுள் என்னும் பெயராலேயே குறிக்கப்படுகிறது. ரன்ஆஃபிலிருந்து இது தெளிவான முன்னேற்றமாகும்.

4. கண்டவாறே பெறுதல்

சிராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்ட்டோ ஆய்வு மையத்தில் 1974இல் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் பிறரும் உருவாக்கிய பிராவோ என்னும் திருத்தி, இதற்கு நேர்மாறான வழியைத் திறந்தது. அச்சில் வருவது திரையிலேயே தெரிந்தது. வடிவமைப்புக் கட்டளைகளைப் பனுவலுக்குள் எழுத வேண்டிய தேவை மறைந்தது. சிமோனி பின்னர் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தில் சேர்ந்தார்; 1983இல் அந்நிறுவனத்தின் வேர்டு வெளிவந்தது. இவ்வகைச் செயலிகளின் கோப்புகளைப் பனுவல் திருத்தியில் திறந்தால் படிக்க இயலாது. செயலி இன்றேல் பனுவலும் இல்லை என்னும் நிலை உருவாயிற்று.

இந்நிலைக்கு இடைவழியாக 1987இல் மைக்ரோசாஃப்ட் ஆர்.டி.எஃப். வடிவத்தை வெளியிட்டது. இக்கோப்பு முழுவதும் ஆஸ்கி எழுத்துகளால் ஆனது. கட்டளைகள் பின்சாய்கோட்டில் தொடங்கும். தொகுதிகள் நெளிவடைப்புகளுக்குள் அமையும். ஆங்கிலப் பனுவலை இதில் சற்று இடர்ப்பாட்டோடேனும் படித்துவிடலாம். தமிழுக்கு அது பொருந்தாது. ஆஸ்கியில் இல்லாத எழுத்து ஒவ்வொன்றும் எண்ணாக எழுதப்படுவதால், அகரம் 2949 என்றும் மகரம் 2990 என்றும் கோப்பில் நிற்கும். ஆங்கிலத்தாருக்குப் பனுவலாகத் தோன்றும் கோப்பு தமிழருக்கு எண்களின் வரிசையாகவே தோன்றும். வெற்றுப் பனுவலில் எழுதப்பட்டது என்பதனாலேயே ஒரு கோப்பு எல்லா மொழியினருக்கும் படிக்கத்தக்கதாகிவிடாது என்பதை இது காட்டுகிறது.

5. திருத்திக்குள் இரு தோற்றங்கள்

மின்னஞ்சலில் வடிவமைப்பைச் சேர்க்கும் முயற்சி மூன்றாம் வழியை மேலும் வளர்த்தது. 1992இல் மைம் தரத்தோடு ரிச்டெக்ஸ்ட் என்னும் எளிய குறியிடல் முன்வைக்கப்பட்டது. அதன் குறைகளை நீக்கி 1993இல் என்ரிச்டு வகுக்கப்பட்டது. அதன் திருந்திய வரையறை 1996இல் வெளிவந்தது. கோண அடைப்புக்குள் சில கட்டளைகள் மட்டும் இதில் உண்டு. குறியீடுகளை அறியாத மின்னஞ்சல் நிரலில் திறந்தாலும் பனுவல் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது இதன் நோக்கங்களுள் ஒன்று. ஒற்றை வரிமுறிவு இங்கும் இடைவெளியே. அடிகளைக் காக்க நிரப்பலை நிறுத்தும் கட்டளை இதிலும் இடம்பெற்றது. ரன்ஆஃபின் கருத்து முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் மாறவில்லை.

ஈமாக்ஸ் திருத்தி இவ்வடிவத்தை ஏற்றது. கோப்பைத் திறக்கும்போது குறியீடுகள் மறைந்து தடித்த எழுத்தும் சாய்வெழுத்தும் திரையில் தோன்றும். சேமிக்கும்போது அவை மீண்டும் குறியீடுகளாகக் கோப்பில் எழுதப்படும். ஒரே பனுவலுக்குத் திரையில் ஒரு தோற்றமும் கோப்பில் மற்றொரு தோற்றமும் அமைந்தன. இவ்வசதிக்கு ஒரு விலையும் இருந்தது. காட்சிப் பண்புகளைக் கோப்பிலேயே எழுதிவைக்க இடமளித்த ஒரு கட்டளை வழியாக, கோப்பைத் திறந்த அளவிலேயே பிறர் எழுதிய நிரல் இயங்கக்கூடும் என்பது கண்டறியப்பட்டது. 2017இல் வெளிவந்த ஈமாக்ஸ் 25.3 அக்கட்டளையை முடக்கியது. தோற்றத்தைக் கூறும் குறியீடு செயலைத் தூண்டும் குறியீடாக மாறக்கூடும் என்பதற்கு இந்நிகழ்வு சான்றாகும்.

6. மார்க்டவுனும் தமிழும்

ஆங்கில மின்னஞ்சல் எழுதுவோர் சொல்லின் இருபுறமும் உடுக்குறி இட்டு அழுத்தம் காட்டும் வழக்கம் முன்பே இருந்தது. இத்தகைய வழக்குகளை இயன் ஃபெல்ட்மேன் 1990களின் தொடக்கத்தில் செடெக்ஸ்ட் என முறைப்படுத்தினார். 2004இல் ஜான் குரூபர், ஆரன் சுவார்ட்ஸின் பங்களிப்போடு மார்க்டவுனை வெளியிட்டார். குறியீடுகள் நீக்கப்படாமலேயே பனுவல் இயல்பாகப் படிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும் என்பது இதன் அடிப்படை. 2014இல் தொடங்கிய காமன்மார்க் இதன் விதிகளை ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்க முற்பட்டது.

இவ்விதிகள் ஆங்கில எழுத்துமரபை ஒட்டி அமைந்தவை. தமிழில் எழுதும்போது இரு இடங்களில் அது புலப்படும்.

முதலாவது, ஒட்டுநிலை. காமன்மார்க்கில் உடுக்குறி, அடிக்கோடு ஆகிய இரண்டும் அழுத்தம் காட்டும். ஆனால் சொல்லுக்கு நடுவே வரும் அடிக்கோட்டை அது அழுத்தக்குறியாகக் கொள்ளாது. நிரல்களில் வரும் பெயர்களைக் காக்க எழுந்த விதி இது. தமிழில் நூற்பெயரை வேறுபடுத்திக் காட்டி உருபை வெளியே ஒட்டுவது வழக்கம். _குறுந்தொகை_யில் என்று எழுதினால், மூடும் அடிக்கோட்டை அடுத்து யகர எழுத்து வருவதால் குறி செயற்படாது. *குறுந்தொகை*யில் என்று எழுதினால் செயற்படும். எனவே தமிழில் எழுதுவோர் உடுக்குறியை மட்டும் பயன்படுத்துவதே தக்கது.

இரண்டாவது, அடிமுறிவு. மார்க்டவுனிலும் ஒற்றை வரிமுறிவு முறிவாகாது. ஒரு குறள் வெண்பாவை இரு வரிகளில் எழுதினால், நாற்சீரடியும் முச்சீரடியும் கலந்து எழுசீராக ஓடிவிடும். இதனைத் தவிர்க்க அடியின் இறுதியில் இரு இடைவெளிகள் இட வேண்டும். அவை கண்ணுக்குத் தெரியாதவை. வரியிறுதி இடைவெளிகளைத் தாமே நீக்கிவிடும் திருத்திகளும் உண்டு. அங்ஙனம் நீக்கப்பட்டால் பதிப்பாசிரியர் அறியாமலேயே அடிகள் அழியும். வரியிறுதியில் பின்சாய்கோடு இடுதலைக் காமன்மார்க் ஏற்பதால், செய்யுட்பதிப்புக்கு அதுவே காப்பான வழியாகும்.

7. தமிழுக்கு வெற்றுப் பனுவல் வாய்த்தல்

மேற்கூறிய வரலாறு முழுவதும், வடிவமைப்பை நீக்கினால் பனுவல் எஞ்சும் என்னும் எடுகோளின்மேல் நிற்கிறது. எழுத்துருக் குறியாக்கம் வழங்கிய காலத்தில் தமிழுக்கு அவ்வெடுகோள் பொருந்தவில்லை. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட ‘அம்மா’ என்னும் சொல், எழுத்துருத் தகவல் நீங்கியதும் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகளாக நிற்கும். எழுத்துரு என்னும் வடிவமைப்பே அங்குப் பொருளைத் தாங்கியது. அக்காலத் தமிழ்க் கோப்பை வெற்றுப் பனுவலாக மாற்றுவது அதனை அழிப்பதற்கு ஒப்பாயிற்று.

1998 பொங்கலன்று தொடங்கப்பெற்ற மதுரைத் திட்டம் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது. அதன் மின்பதிப்புகள் எழுத்துருக் குறியாக்கத்திலிருந்து திஸ்கிக்கும், அதிலிருந்து ஒருங்குறிக்கும் மாற்றப்பட்டன. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றிருந்தது. எனினும் இயங்குதளங்களும் எழுத்துருக்களும் அதனை ஏற்று நடைமுறைக்கு வருவதற்கு ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆயின. அதன் பின்னரே, எழுத்துரு எதுவாயினும் அகரம் அகரமாகவே நிற்கும் தமிழ்க் கோப்பு பரவலாக வாய்த்தது. ஆங்கிலத்துக்கு 1964இலேயே கிட்டிய தொடக்கநிலை, தமிழுக்கு இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிட்டியது எனலாம்.

8. முடிவுரை

ஓலைச்சுவடியும் ஒருவகையில் வெற்றுப் பனுவலே. பெரும்பாலும் அதில் புள்ளி இல்லை. சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. செய்யுள் அடிபிரித்து எழுதப்படவில்லை. மூலமும் உரையும் எழுத்தின் தோற்றத்தால் வேறுபடவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பதிப்பாசிரியர்கள் எதுகை, மோனை, சீர், தளை ஆகியவற்றைத் துணைக்கொண்டு அடிகளை மீட்டனர். மூலத்தையும் உரையையும் பிரித்து, எழுத்தளவாலும் இடவமைப்பாலும் வேறுபடுத்தி அச்சிட்டனர்.

அவ்வாறு மீட்கப்பட்ட வேறுபாடுகள் இன்று மின்பதிப்பில் மீண்டும் இழக்கப்படக்கூடும். மூலம் தடித்த எழுத்திலும் உரை மெல்லெழுத்திலும் அமைந்த சொற்செயலிக் கோப்பைப் பனுவல் திருத்தியில் ஒட்டினால், இரண்டும் ஒன்றாகிச் சுவடிநிலைக்கே திரும்பும். அடிகளை எதுகையால் ஓரளவு மீட்கலாம். உரைநடையாகிய உரையினுள் கலந்துவிட்ட மேற்கோளை மீட்பது அரிது.

ஆகவே தமிழ் மின்பதிப்பில் மூன்று நெறிகள் வலியுறுத்தத்தக்கன. மூலம், உரை, பாடவேறுபாடு ஆகியவற்றைத் தடிமனாலோ நிறத்தாலோ மட்டும் வேறுபடுத்தாமல், எழுத்தாலான குறியீட்டால் அவற்றின் பங்கைக் குறித்தல் வேண்டும். அடிமுறிவைக் கண்ணுக்குத் தெரியும் குறியால் காத்தல் வேண்டும். பயன்படுத்திய குறியீடுகளின் விளக்கத்தை அக்கோப்பின் தொடக்கத்திலேயே தருதல் வேண்டும். இவை பின்பற்றப்படின், இன்றைய செயலிகள் வழக்கொழிந்த பின்னும் அக்கோப்பைத் திறப்பவர் மூலத்தையும் உரையையும் அடியையும் ஐயமின்றிப் பிரித்தறிவர்.