அளவீடு முதலில், மாநாடு பிறகு: சுற்றுச்சூழல் கல்வி மாநாடுகளின் வரலாறும் ஆலங்காயமும்

மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்குமாகப் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் மாநாடு நடத்த முடிவெடுத்ததும் நம் கல்வி நிறுவனங்கள் முதலில் அரங்கம் பார்க்கின்றன. பிறகு சிறப்பு விருந்தினர், தங்குமிடம், மாநாட்டு மலர், நினைவுப் பரிசு. வருகிறவர்கள் எதைக் கொண்டுவந்து பேசுவார்கள் என்ற கேள்வி கடைசி மாதத்தில்தான் எழுகிறது. இந்த வரிசை தலைகீழானது என்பதே இக்கட்டுரையின் வாதம். பல ஊர்ப் பள்ளிகள் ஒரே முறையில் ஓராண்டு தங்கள் நீரையும் மண்ணையும் அளக்க வேண்டும். அந்த அளவீடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கும் இடமாகவே மாநாடு அமைய வேண்டும். கடந்த அரை நூற்றாண்டின் வரலாறு இதற்குச் சான்று தருகிறது. ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயம் போன்ற ஓர் ஊருக்கு அந்த வரலாற்றில், பலரும் நினைப்பதைவிட நெருக்கமான பங்கு உண்டு.

1972 ஜூன் 5 முதல் 16 வரை ஸ்டாக்ஹோமில் கூடிய ஐ.நா. மாநாட்டின் பிரகடனத்தில் 19ஆம் கொள்கை சுற்றுச்சூழல் கல்வியைப் பற்றியது. அதன் தொடர்ச்சியாக யுனெஸ்கோவும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் 1975இல் பெல்கிரேடில் ஒரு பன்னாட்டுப் பயிலரங்கை நடத்தின. 1977 அக்டோபரில் திபிலீசியில் அரசுகளுக்கிடையிலான மாநாடு கூடியது. சுற்றுச்சூழல் கல்வி உள்ளூர்ச் சிக்கலிலிருந்து தொடங்கி உலக அளவுக்கு விரிய வேண்டும், மாணவர் நேரடி அனுபவத்தின் வழியே கற்க வேண்டும் என்று திபிலீசி தெளிவாகவே சொன்னது. சொன்னவர்கள் அரசுப் பேராளர்கள். வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்கும் பெஞ்சில் உட்காரும் மாணவருக்கும் அந்த மேசையில் இடம் கிடைக்க மேலும் பல ஆண்டுகள் ஆயின. 1995இல் இங்கிலாந்தின் ஈஸ்ட்போர்னில் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் குழந்தைகளுக்கெனவே ஒரு பன்னாட்டு மாநாட்டை நடத்தியது. 2007 நவம்பரில், திபிலீசிக்கு முப்பது ஆண்டு கழித்து, அகமதாபாத்தில் நான்காம் பன்னாட்டுச் சுற்றுச்சூழல் கல்வி மாநாடு நடந்தபோது 97 நாடுகளிலிருந்து 1,500க்கும் மேற்பட்டோர் திரண்டனர். கூட்டம் பெருகியது உண்மை. ஆனால் பேராளர் எண்ணிக்கை பெருகிய அளவுக்கு, அவர்கள் கையில் கொண்டுவந்த சொந்த ஊர்ச் சான்றுகள் பெருகவில்லை என்பதே என் மதிப்பீடு. இந்தக் குறைக்கான மாற்று மருந்து இந்தியாவிலேயே இருந்தது. 1993இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள மாணவர்கள் சிறு குழுவாக, ஒரு வழிகாட்டி ஆசிரியருடன், தங்கள் ஊர்ச் சிக்கல் ஒன்றை ஆய்வு செய்து மாவட்டம், மாநிலம், தேசம் எனப் படிப்படியாக முன்வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் அதைத் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தது. அங்கே ஆய்வில்லாமல் மேடையில்லை.

உள்ளூர் அளவீடு எப்படி உலக அறிவாகிறது என்பதற்கு ஆலங்காயத்துக்கு மேலே, ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வானாய்வகத்தை விடச் சிறந்த சான்று தேட வேண்டியதில்லை. ஸ்டாக்ஹோம் மாநாடு நடந்துகொண்டிருந்த அதே வாரம், 1972 ஜூன் 7 அன்று, வியாழனின் நிலவான கானிமீட் ஒரு விண்மீனை மறைத்தது. காவலூரிலும் இந்தோனேசியாவின் லெம்பாங்கிலும் இருந்தவர்கள் அந்த மறைவைப் பதிவு செய்தார்கள். கானிமீடுக்கு மெல்லிய வளிமண்டலம் இருக்கலாம் என்ற முடிவு அதிலிருந்து பிறந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அந்த விண்மீனின் ஒளி சட்டென்று மங்கி மீண்டதைக் காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியும் கண்டது. அமெரிக்கரின் பறக்கும் ஆய்வகமும் கண்டது. யுரேனஸின் வளையங்கள் உலகுக்குத் தெரியவந்தது இப்படித்தான். ஒவ்வொரு நிலையமும் தான் இருக்கும் இடத்திலிருந்து தெரிவதை மட்டுமே சொல்ல முடியும். நேரமும் முறையும் ஒன்றாக இருந்ததால் அவை ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. அங்கே பன்னாட்டுத் தன்மையை உருவாக்கியது பயணமல்ல, ஒப்பிடத்தக்க பதிவு.

மலையடிவாரத்திலிருந்து வாணியம்பாடி, ஆம்பூர் பக்கம் இறங்கினால் வேறொரு சான்று கிடக்கிறது. ஆவாரம்பட்டையில் தோல் ஊறிய காலம் போய், 1970களில் சீதாராமையா குழுவின் பரிந்துரைகளை ஒட்டி முழுதாக முடித்த தோலை ஏற்றுமதி செய்யும் கொள்கை வந்ததும், குரோமியப் பதனிடல் பாலாற்றங்கரையில் வேகமாகப் பரவியது. உப்பும் குரோமியமும் கிணறுகளில் இறங்கின. 1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் சென்றது. வழக்கறிஞர் எம்.சி. மேத்தா. அதே 1991 நவம்பர் 22 அன்று, மேத்தா தொடுத்த இன்னொரு வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்க உத்தரவிட்டது. பாடப்புத்தகமும் பாலாறும் ஒரே மனிதரின் கையால் ஒரே ஆண்டில் நீதிமன்றப் படியேறின என்பதை நம் ஆசிரியர் பயிற்சியில் சொல்லித்தருகிறோமா?

மாநாட்டுத் தீர்மானங்களால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு, வேலூர் மன்றத்தின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த 1996 ஆகஸ்ட் 28 தீர்ப்பே பதில். நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு ஸ்டாக்ஹோம், ரியோ ஐ.நா. மாநாடுகளை எடுத்துக்காட்டி, மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கோட்பாட்டையும் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. ஸ்டாக்ஹோமின் வாசகம் பாலாற்றுக்கு வந்துசேர 24 ஆண்டுகள். ஆனால் அந்த வாசகம் தனியாக வந்து வெல்லவில்லை. வேலூரிலிருந்த தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணக்கு, ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதைக் காட்டியது. தீர்ப்பு அதை மேற்கோளாக எடுத்துக்கொண்டது. உலக மாநாட்டின் கொள்கையும் உள்ளூர் அளவீடும் சந்தித்த இடத்தில்தான் சட்டம் பிறந்தது. அளவீடு ஒருமுறையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்கும் இதே வழக்கு சாட்சி: இழப்பீட்டையும் மாசுத் தடுப்பையும் பற்றி உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரி 30 அன்று மீண்டும் உத்தரவிட வேண்டியிருந்தது.

அளவீட்டை முதலில் வைக்கும் இந்த யோசனைக்கு வலுவான மறுப்புகள் உண்டு. பள்ளிப் பிள்ளைகளின் அளவீட்டை நம்ப முடியுமா என்பது முதலாவது. கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் சட்டைப்பைக்குள் அடங்கும். ஒரே கிணற்றில் மூன்று முறை அளந்து, மீட்டரைத் தெரிந்த உப்புக் கரைசலில் சரிபார்த்து, மழைக்கு முன்னும் பின்னும் பதிந்தால் பயனுள்ள தொடர் கிடைக்கும். குரோமியத்தை மட்டும் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். பாறையும் இயல்பாகவே நீரை உப்பாக்கும் என்பதால் மலையூர்க் கிணறுகளையும் பள்ளத்துக் கிணறுகளையும் ஒப்பிட்டாக வேண்டும். மலைக்கும் தோல் வட்டாரத்துக்கும் இடையே நிற்கும் ஆலங்காயம் அதற்கு வாய்ப்பான இடம். பிழை வரும். காவலூர்ப் பதிவிலிருந்து பிறந்த கானிமீட் கணிப்பையும் 1979இல் வாயேஜர் விண்கலம் திருத்தத்தான் செய்தது. திருத்தப்படக்கூடிய பதிவாக இருந்ததே அதன் மதிப்பு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கனமானது: அயல்நாட்டு விருந்தினரை அழைத்து ஊரின் புண்ணைக் காட்டுவது தொழிலுக்கும் மானத்துக்கும் கேடு என்பது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வேலை பார்க்கும் பெண்களின் பிள்ளைகளே இந்தப் பள்ளிகளில் படிக்கிறார்கள். அவர்களின் வீட்டுச் சோற்றையும் வீட்டுக் கிணற்றையும் எதிரெதிரே நிறுத்தும் மாநாடு எனக்கும் வேண்டாம். ஆனால் நம் ஊர் மட்டும் தனியாக நிற்க வேண்டியதில்லை. கான்பூரின் ஜாஜ்மாவ், இத்தாலியின் சாந்தா குரோச்சே, மெக்சிகோவின் லியோன் ஆகியவையும் தோல் ஊர்களே; டாக்காவின் ஹசாரிபாக்கும் 2017 வரை அப்படித்தான் இருந்தது. இந்த ஊர்களின் பள்ளிகள் ஒரே படிவத்தில் அளந்தால், யார் அழுக்கு என்ற கேள்வி போய், எந்த ஊரில் எந்தச் சுத்திகரிப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்ற கேள்வி வரும். டேனரி நடத்துபவரும் அந்தக் கேள்விக்கு வந்து உட்கார முடியும்.

செலவு, விசா, விமானப் புகை என்பவற்றை நீண்ட விவாதமாக்கத் தேவையில்லை. ஓராண்டு அளவீட்டில் எல்லாப் பள்ளிகளும் பங்கேற்க, ஊருக்கு ஓர் ஆசிரியரும் இரு மாணவரும் மட்டும் நேரில் வந்தால் போதும். மொழிதான் மாநாட்டுத் திட்டக்குழு முதல் கூட்டத்திலேயே தீர்க்க வேண்டியது. கிணறு கொடுத்த குடும்பத்துக்கு அதன் அளவீடு தமிழிலும், வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருதுவிலும், எழுத்தில் போய்ச் சேர்ந்த பிறகே ஆங்கில ஆய்வுரைக்கு அனுமதி என்று விதி எழுத வேண்டும். அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்கும் பொறுப்பு அளந்த மாணவருக்கே உரியது.